பக்கம் 97 முதல் 112 வரை

ஜூன் 9

என் பசைச் சித்திக்கு,

வாலு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் முதுகுவலி நலமா, உன் பசைச் சட்டி நலமா?

பார்சல் வந்தது. இந்த முறை மூன்றே புத்தகம், போன முறை ஐந்து. உங்கள் நூலகத்தில் இப்போது யாரும் புத்தகத்தைக் கிழிப்பதில்லையா? எல்லாரும் திருந்திவிட்டால் பழுது பார்க்கும் பிரிவை மூடிவிடுவார்கள், உனக்கு வேலை இருக்காது, எனக்குப் புத்தகம் இருக்காது. கழித்துப் போட்ட புத்தகங்களை எடுத்துத் தைத்து, அட்டை போட்டு அனுப்பி வைக்க எனக்கொரு சித்தி இருக்கிறாள் என்று புதுப் பள்ளியில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. உள்ளட்டையில் நீ எழுதியிருக்கும் 'வாலுவுக்கு' என்பதைக் காட்டிய பிறகுதான் வாயை மூடினார்கள்.

புது வீடு பழகிவிட்டது. கீழ்த்தளம், படியே கிடையாது. பழைய வீட்டில் பதினெட்டுப் படி. தம்பி பட்டாணி தினமும் எண்ணிக்கொண்டே ஏறுவான், பன்னிரண்டுக்கு அடுத்து பதினாலு என்பான், அவன் கணக்கில் அது எப்போதும் பத்தொன்பது படி. முட்டிவலி, ஏற முடியவில்லை என்று சொல்லித்தான் அப்பா வீடு மாற்றினார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், ஒரு நாளைக்கு இருபது மாடி ஏறி இறங்குகிறவர். தம்பி போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மா அவன் பேச்சை எடுப்பதில்லை, அதனால் நானும் எடுப்பதில்லை. உனக்கு எழுதும்போது மட்டும் எடுக்கிறேன்.

இப்போது செய்தி. இங்கே வாரம் ஒரு நாள் வாசிப்பு வகுப்பு உண்டு. மாதம் ஒரு புத்தகம். இந்த மாதம் எது தெரியுமா? 'ஆற்றோர வீட்டு அக்கா'. எட்டு வயதில் நீ எனக்கு அனுப்பினாயே, 96ஆம் பக்கத்துக்கு அடுத்து 113 வருகிறதென்று நான் சண்டைக்கு வந்தேனே, அதே புத்தகம். "அந்த அச்சகத்துக்காரருக்கு எண்ண வராதுடி" என்று சொன்னாய். அன்றிலிருந்து நம் வீட்டில் யார் கணக்கில் கோட்டை விட்டாலும் அவர் அச்சகத்துக்காரர்தான். பட்டாணிக்கு அந்தப் பட்டம் நிரந்தரமாகவே இருந்தது.

எனக்கு அந்தக் கதை மனப்பாடம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். இருபதாம் தேதி முழுக் கதையையும் வகுப்பில் நான்தான் சொல்லப் போகிறேன். புதுப் பள்ளியில் எனக்கு இன்னும் சிநேகிதம் யாரும் இல்லை. இருபதாம் தேதிக்குப் பிறகு இருப்பார்கள்.

உன் செல்ல
வாலு


ஜூன் 15

என் வாலுக்குட்டிக்கு,

முதுகுவலி நலம், பசைச் சட்டியும் நலம். சித்தியைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன், சித்தியும் நலம்.

உன் கவலை வேண்டாம், ஜனங்கள் திருந்தவில்லை. நேற்று ஒருவர் பதினொரு வருஷம் கழித்து ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடையாளத்துக்கு உள்ளே சீப்பு வைத்திருந்தார். சீப்பில் நான்கு முடி இருந்தது, அவர் தலையில் ஒன்றுகூட இல்லை. எங்கள் மேற்பார்வையாளர் அபராதம் போடுவதா, ஆறுதல் சொல்வதா என்று முழித்தார். புதிதாக வாங்கியிருக்கும் பசை பெயின்ட் போல நாறுகிறது. மாடி அறைக்கு வந்து மூன்று முறை கை கழுவினாலும் போவதில்லை. கீழே இருக்கும் தையல்கடைக்காரர், "என்னம்மா, வீட்டுக்கு வெள்ளையடிக்கறீங்களா" என்று கேட்கிறார்.

கண்ணு, அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது பழைய கதை. நீயும் பத்து முறை படித்தாகிவிட்டது. இதோடு திருட்டுக் குரங்கு கதை ஒன்று அனுப்புகிறேன். அதைச் சொன்னால் வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். டீச்சரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளேன். புதுப் பள்ளியில் முதன்முதலாக எழுந்து பேசுகிறாய், சிரிக்க வைத்தால் நல்லதுதானே?

இன்னொன்று. 'ஆற்றோர வீட்டு அக்கா' பல பதிப்பு வந்த புத்தகம். பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் கொஞ்சம் மாறும். பள்ளிப் பிரதியில் ஏதாவது வேறு மாதிரி இருந்தால் நீ குழம்ப வேண்டாம். நம்மிடம் இருப்பதுதான் நல்ல பதிப்பு.

அம்மாவை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல். அப்பா முட்டியைக் கேட்டதாகச் சொல்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் சித்தி


ஜூன் 22

சித்திக்கு,

இருபதாம் தேதி கதை சொன்னேன். குரங்குக் கதை இல்லை. உங்கள் கடிதமும் குரங்கும் அன்று காலையில்தான் வந்தன. பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

நன்றாகத்தான் சொன்னேன். ஆற்றில் வெள்ளம் வருவது, அப்பாவும் அம்மாவும் அக்கரையில் மாட்டிக்கொள்வது, தம்பிக்குக் காய்ச்சல் வருவது, படகுக்காரம்மா மட்டும் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவது. அக்கா ஏழு நாள் கண்ணை மூடாமல் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. ஏழாம் நாள் தம்பி கண்ணைத் திறந்து "அக்கா, தண்ணி" என்றான் என்று முடித்தேன். கைதட்டுவார்கள் என்று நின்றேன்.

வகுப்பு சிரித்தது. என் பக்கத்தில் உட்காரும் ரெட்டைப் பின்னல் மட்டும் சிரிக்கவில்லை.

"அவன் செத்துடுவான்" என்றாள்.

"இல்ல, பிழைச்சுடுவான். எங்க வீட்ல இருக்கு."

"தொண்ணூத்தெட்டாம் பக்கத்துல செத்துடுவான்."

"தொண்ணூத்தெட்டாம் பக்கமே கிடையாது. அந்த அச்சகத்துக்காரருக்கு எண்ண வராது."

இதை நான் முப்பத்தாறு பேருக்கு முன்னால் சொன்னேன், சித்தி.

டீச்சர் பள்ளிப் பிரதியை என் கையில் கொடுத்தார். 97 இருந்தது. 98 இருந்தது. 112 வரை எல்லாமே இருந்தது. தம்பி செத்துப்போகிறான். "அக்கா, தண்ணி" எங்கேயும் இல்லை, அட்டையிலிருந்து அட்டை வரை தேடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நம் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த ஒரு தாள் மட்டும் மற்றவற்றைவிட வெள்ளை. எழுத்து கறுப்பு அதிகம். பக்க எண் கிடையாது. எட்டு வயதில் இதையும் கேட்டேன். "அந்த இடத்துல மையைக் கொட்டிட்டார்" என்றீர்கள். 'அதற்குப் பிறகு கதையில் தம்பி ஏன் வரவே இல்லை' என்று கேட்டேன். "விளையாடப் போயிருப்பான்" என்றீர்கள்.

நேற்று பள்ளி நூலகத்தில், நீங்கள் எனக்கு அனுப்பிய புத்தகங்களில் எவையெல்லாம் இருக்கின்றனவோ அவற்றையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். கிழட்டு நாய் மாமாவின் தோட்டத்துக்குப் போகவில்லை, செத்துப்போகிறது. கப்பல் சமையல்காரர் வீடு திரும்பவில்லை. பேச்சு நின்றுபோன அப்பாவும் அம்மாவும் கடைசிவரை பேசவே இல்லை. ஆறு புத்தகம் பார்த்தேன். ஆறிலும் யாரோ அழுகிறார்கள். நம் வீட்டுப் பிரதியில் மட்டும் எல்லாரும் சௌக்கியம்.

பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்று எழுதியிருந்தீர்கள். டீச்சரிடம் கேட்டேன். அந்தப் புத்தகம் ஒரே ஒரு முறைதான் அச்சாகியிருக்கிறது.

அச்சகத்துக்காரர் என்று ஒருவர் இருக்கிறாரா, சித்தி?

வழக்கமான கையெழுத்தைப் போட மனசு வரவில்லை.


ஜூலை 1

என் கண்ணுக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பேச ஆரம்பித்த நாளிலிருந்து நீ என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய், "பெரியவங்களை அப்படிச் சொல்லாதே" என்று உன் அம்மா அதட்டினபோதுகூட. அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டு மேலே படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இனி மறைக்க என்ன இருக்கிறது. ஆமாம், நான்தான்.

உனக்கு ஏழு வயதில் ஓர் அணில் கதை அனுப்பினேன். அணில் செத்துப்போகும். நீ மூன்று நாள் சாப்பிடவில்லை. உன் அம்மா போனில் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். "அவ குழந்தை, இப்பவே எதுக்கு இதெல்லாம்? இனிமே இந்த மாதிரி புத்தகம் அனுப்பாதே." சரி என்றேன். பிறகு அலமாரியில் தேடினால் நல்ல கதையெல்லாம் இந்த மாதிரிக் கதையாகவே இருந்தது. எனக்குப் பிடித்தது உனக்கும் கிடைக்க வேண்டும், உனக்கு வலிக்கவும் கூடாது. மீனில் முள்ளை எடுத்துவிட்டு ஊட்டுவதில்லையா, அப்படித்தான் நினைத்துச் செய்தேன்.

'ஆற்றோர வீட்டு அக்கா'தான் முதல் புத்தகம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஒரே பெரிய தாளை மடித்துத் தைப்பது. 97 முதல் 112 வரை கச்சிதமாக ஒரு ஃபாரம். நூலை வெட்டினதும் தனியாகக் கையோடு வந்துவிட்டது, மற்ற பக்கங்கள் அசையக்கூட இல்லை. அது அவ்வளவு சுலபமாக வந்திருக்காவிட்டால் ஒருவேளை நான் விட்டுவிட்டிருப்பேன். இடையில் வைத்த அந்தத் தாளை நானே எழுதினேன். மூன்று வாரம் ஆயிற்று. அழைப்பிதழ் அடிக்கிற கடையில் கொடுத்து, எழுத்து ஒத்துப்போகிறதா என்று நாலு முறை திருப்பிப் பார்த்து அச்சடித்தேன். 'தம்பி தண்ணி கேட்ட இடத்துல எனக்கு அழுகை வந்துச்சு சித்தி, சந்தோஷ அழுகை' என்று நீ எழுதினாய். அந்தக் கடிதம் என் கைப்பையில் இன்னமும் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

எட்டு வயதுக் குழந்தைக்குச் சாவைக் காட்டி என்ன ஆகப்போகிறது? உலகம் எப்படியும் உனக்குச் சொல்லத்தான் போகிறது, கொஞ்சம் தாமதமாகச் சொல்லட்டும் என்று நினைத்தேன். அது தப்பென்றால் தப்புதான். பதிப்பு என்று பொய் சொன்னது அதைவிடத் தப்பு. வகுப்பில் சிரித்தார்கள் என்பது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் ஒரு புத்தகத்துக்காக என் வாலு சித்தியிடம் இவ்வளவு கோபப்படலாமா?

உன் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. இப்போது சொல்ல வேண்டாம். ஏற்கனவே அவள் மனசு சரியில்லை.

எப்போதும் உன்
சித்தி


ஜூலை 9

சித்திக்கு,

வகுப்பில் சிரித்ததற்காக இல்லை. அதெல்லாம் மறுநாளே மறந்துவிட்டார்கள்.

பட்டாணி ஆஸ்பத்திரியில் இருந்தது ஏழு நாள். நீங்களும் வந்திருந்தீர்கள். அவன் கட்டிலை ஒட்டிப் பச்சை ஸ்டூல் ஒன்று இருந்தது, அதில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திரு என்றால் எழுந்திருக்க மாட்டேன். "சரியான பிடிவாதக்காரிம்மா உங்க பொண்ணு" என்று நர்ஸ் அம்மாவிடம் சொன்னார். கண் சொருகினால் தொடையைக் கிள்ளிக்கொள்வேன். எப்போதாவது தூங்கியிருப்பேன், தெரிந்து தூங்கவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காமல் போய்விடுமோ என்று பயம். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், சித்தி. எனக்குத்தான் புத்தகம் மனப்பாடமாயிற்றே.

ஏழாம் நாள் மத்தியானம் அப்பா வந்து, "குளிச்சிட்டு ஒரு வாய் சாப்பிட்டு வந்துடலாம் வா" என்றார். ஒரு மணி நேரம்தானே என்று போனேன். குளித்தேன், சாப்பிட்டேன். அப்பா குளிக்கிற நேரத்துக்குப் பட்டாணியின் கட்டிலில் சாய்ந்தேன். முழிப்பு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அப்பா என்னைத் தூங்கவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

ஒன்பது மாதமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் தூங்கியதால்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் அவன் பேச்சை எடுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'அக்கா கண்ணை மூடாமல் இருந்ததால்தான் தம்பி பிழைத்தான்.' அந்தத் தாளில் டாக்டர் மாதிரி உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரம் யோசித்து.

109ஆம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே வெட்டி எடுத்தீர்கள். வெள்ளம் வடிந்துவிட்டது. அக்கா படகில் உட்கார்ந்து, 'நான் கொஞ்ச நேரம் தூங்கிட்டேன், அதனாலதான்' என்று அழுகிறாள். படகுக்காரம்மா துடுப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறாள்: 'நீ முழிச்சிருந்தாலும் அவன் போயிருப்பான். தூங்கியிருந்தாலும் போயிருப்பான். காய்ச்சலுக்கு உன் கண்ணைத் தெரியாதும்மா.'

நூலகத்தில் நின்றபடியே அதைப் படித்தேன். மறுபடி படித்தேன். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. ரெட்டைப் பின்னல்தான் தேடிக்கொண்டு வந்தாள். அவள் அப்பா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. "எனக்கு அப்ப இந்தப் புத்தகத்தைத்தான் யாரோ குடுத்தாங்க. நல்லா அழுதேன். அழறதுக்கும் ஒரு இடம் வேணும்ல" என்றாள். அந்த இடம் என் அலமாரியிலும் நாலு வருஷமாக இருந்திருக்கிறது. பதினாறு பக்கம் குறைவாக.

அணில் கதைக்கு மூன்று நாள் சாப்பிடவில்லை என்கிறீர்கள். நாலாம் நாள் சாப்பிட்டேனா, இல்லையா? அதை ஏன் யாரும் எண்ணவில்லை?

நீங்கள் எடுத்தது முள் இல்லை, சித்தி. அந்தப் பக்கங்களை என்ன செய்தீர்கள்? கிழித்துப் போட்டுவிட்டீர்களா?


ஜூலை 16

கண்ணம்மா,

கிழிக்கவில்லை. பழுது பார்க்கிற வேலையில் இருப்பவளுக்குத் தாளைத் தூக்கி எறிய வராது. ஒரு பிஸ்கட் டப்பாவில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. எந்தப் பக்கம் எந்தப் புத்தகத்தினுடையது என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். டப்பாவோடு அனுப்புகிறேன். உனக்குச் சம்மதம் என்றால் லீவு போட்டு வந்து நானே எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துத் தருகிறேன்.

உன் கடிதத்தை இந்த ஒரு வாரத்தில் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே.

நீ கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இதையும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. அன்று மத்தியானம் உன்னை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னது உன் அப்பா இல்லை. நான்தான். உன் கண் சிவந்து கிடந்தது. "குழந்தை முகத்தைப் பாருங்க மாமா, கூட்டிட்டுப் போய்த் தூங்க வைங்க. தூங்கிட்டா எழுப்பாதீங்க" என்று சொன்னேன். சொல்லிவிட்டு மருந்து வாங்கக் கீழே போனேன்.

ஆறு நாள் நீ அந்த ஸ்டூலில் கண்ணை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் எழுதின பக்கம் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. தம்பி மேல் இந்தக் குழந்தைக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

நீ தூங்கினதால் எதுவும் நடக்கவில்லை. அவன் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் முதல் நாளே எங்களிடம் சொல்லிவிட்டார். அதையும் உன்னிடம் யாரும் சொல்லவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். மறுபடி எழுதுகிறேன். மன்னித்துவிடு.

சித்தி


ஆகஸ்ட் 13

என் வாலுவுக்கு,

டப்பா வந்து சேர்ந்ததா? தபாலில் எங்கேயாவது தங்கிவிட்டதோ என்று இரண்டு முறை விசாரித்துவிட்டேன். கொடுத்தாயிற்று என்கிறார்கள்.

போனில் அம்மாவிடம் உன்னைக் கேட்டேன். "போனைக் கையில குடுத்தா வாங்க மாட்டேங்கறா" என்றாள். அவள் குரலும் ஏதோ போல இருந்தது. நீ சொல்லிவிட்டாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திட்டியாவது எழுது. ஒரு வரி போதும்.

சித்தி


செப்டம்பர் 3

சித்திக்கு,

டப்பா ஜூலையிலேயே வந்துவிட்டது. எழுதாமல் இருந்தது தபால்காரர் தப்பில்லை.

பக்கங்களை நானே தைத்தேன். அம்மாவின் ஊசி, சட்டைப் பொத்தானுக்கு வைத்திருந்த நூல். நீங்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். 97 முதல் 112 வரை புத்தகத்துக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது, மூடினால் மூடாது. நீங்கள் வந்து தைக்க வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.

தைக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள். என்ன இது என்று கேட்டாள். சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், பச்சை ஸ்டூலையும் நான் தூங்கினதையும் சேர்த்து.

அம்மா என்னை அணைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் புத்தகத்தை வாங்கிச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, 97ஆம் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான்தான் எழுந்துபோய் அணைத்தேன். 109இல் நிறுத்தினாள். "அன்னிக்கு மத்தியானம் நானும் தூங்கிட்டேன்டி" என்றாள். "அவன் கையைப் பிடிச்சுக்கிட்டே, கட்டில்ல தலையைச் சாய்ச்சு. நர்ஸ் வந்து எழுப்பினாங்க." இத்தனை மாதமும் அவள் இதைத்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அவள் பேசவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நான் பேசவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அழுத அழுகையில் மாடி வீட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினார்கள்.

மறுநாள் இருவருமே சாப்பிட்டோம். நீங்கள் கேட்பீர்கள் என்று எழுதுகிறேன்.

"சித்தி உன் மேல இருக்கற ஆசையிலதானே செஞ்சா" என்கிறாள் அம்மா. எனக்கும் தெரியும். அதனால்தான் எழுத இத்தனை நாள் ஆயிற்று. ஆசை இல்லாத யாராவது செய்திருந்தால் ஒரே கடிதத்தில் திட்டி முடித்திருப்பேன். 'நீ' என்று எழுதலாமா என்றும் பார்த்தேன். முதல் வரியில் வரவில்லை, விட்டுவிட்டேன்.

உங்கள் தாளை இதோடு அனுப்புகிறேன். எண் இல்லாததால் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கைப்பையில் என் பழைய கடிதம் இருக்கிறதல்லவா, அதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் எனக்குப் புத்தகம் அனுப்ப வேண்டாம். பள்ளி நூலகத்தில் எடுத்துக்கொள்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. போன வாரம் அந்தத் திருட்டுக் குரங்கு கதையைக் கையில் எடுத்தேன். படிப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பக்கத்தை எண்ணினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு படித்தேன், நல்ல கதை, ரெட்டைப் பின்னல் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களிடமிருந்து எது வந்தாலும் இனி முதலில் எண்ணுவேன் என்று தெரிந்துபோயிற்று.

பட்டாணியைப் பற்றி இப்போது வீட்டில் பேசுகிறோம். நேற்று அப்பா வேலை முடிந்து வந்து, "இன்னிக்குப் போன கட்டடத்துல மாடிக்குப் பதினெட்டுப் படி. பட்டாணி கணக்குல பத்தொன்பது" என்று சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டார். மூன்று பேரும் சிரித்தோம். 'அச்சகத்துக்காரர்' என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இனிச் சொல்லவும் மாட்டேன்.

அவனுக்குப் பன்னிரண்டுக்கு அடுத்து பதிமூன்று என்று ஒன்று இருப்பதே தெரியாது, அதனால் விட்டுவிட்டு எண்ணினான். நீ தெரிந்தே விட்டாய்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்